எத்தினை மாசத்தில கறுப்புப் பெல்ட்?

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் மகளின் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (கட்டிப் பிடித்து நிலத்தில் மல்லுக்கட்டும் தற்காப்புக் கலை) வகுப்பு முடிகிற நேரம், ஒரு அம்மா தன் சின்ன மகளைச் சேர்க்க வந்திருந்தார். மாஸ்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "பிள்ளைக்கு எத்தினை மாசத்தில கறுப்புப் பெல்ட் குடுப்பியள்?"

"16 வயசாகும்வரை நீலப் பெல்ட்டே இல்லை அக்கா. கறுப்புக்கு 19 வயசாவது ஆகோணும்."

அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிள்ளை மெத்தையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி பெரியவர்களே நீலத்தில் 2 வருடம், ஊதாவில் ஒன்றரை வருடம், மண்ணிறத்தில் 1 வருடமாவது இருக்க வேண்டும். நடைமுறையில் கறுப்பு வரப் பலருக்குப் பத்து வருடம் போகும். எங்கள் மாஸ்டருக்குப் பதின்மூன்று. பகலில் கணக்கு வேலை, இரவில் பயிற்சி என்று போன பதின்மூன்று வருடம்.

41 வயதில், போன வருடம் வெளிநாட்டுக்குப் போட்டிக்குப் போனார். முதல் சுற்றிலேயே தோற்றார். எதிராளி அவருடைய கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்து அமுக்கியதற்கு 3 புள்ளி, மேலே ஏறி உட்கார்ந்ததற்கு 4. பிள்ளைகள் எல்லாரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்த கிழமை வகுப்பில் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பெடியனைக் கூப்பிட்டுத் தன்னைத் தாண்டச் சொன்னார். பாதியில் நிறுத்தி, "இந்த இடத்திலதான் என்ர இடுப்பு பிந்தினது, பாருங்கோ" என்றார். பிறகு ஒரு மணித்தியாலம் முழுக்க அந்த ஒரு அசைவுதான். தான் தோற்ற இடத்தை ஒளிக்காமல் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிய வேறொரு ஆசிரியரை நான் கண்டதில்லை.

இங்கே முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே தட்டுவதைத்தான், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒத்துக்கொள்வதை. பிடி இறுகினால் தட்டு. மற்றவர் தட்டினால் உடனே விடு. என் மகளுக்கு 11 வயது, மெல்லிய உடம்பு. அன்றைக்கு நாலு தரம் தட்டினாள். நாலாம் தரம் எழும்பி, மற்றப் பிள்ளையிடம் "எப்பிடிப் பிடிச்சனீ? இன்னொருக்காக் காட்டு" என்றாள். கணக்கில் ஒரு புள்ளி குறைந்தால் அழுகிற பிள்ளை அவள்.

ரியூசனுக்கு மறுபேச்சில்லாமல் காசு கட்டுகிற நாங்கள் இவரிடம் பேரம் பேசுகிறோம். மண்டப வாடகையை அவர்தானே கட்டுகிறார்? தயவுசெய்து பேரம் பேசுவதை நிறுத்துங்கள்.

அந்த அக்கா இதை வாசித்தால், வாற சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. என் மகளுக்குச் சின்னதாய்ப் போன உடுப்பு ஒன்று இருக்கிறது. தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன்.