ராக்வெல் பெயரில் வந்த வெள்ளிப் பதக்கங்கள்

அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல்லின் பெயர் தாங்கிய வெள்ளி நினைவுப் பதக்கங்கள் இணைய ஏலங்களில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நிறுவனம் 1972இல் வெளியிட்ட சாரணர் வரிசை அவற்றுள் பெயர்பெற்றது. சாரணர் சட்டம் கூறும் 12 பண்புகளுக்கும் பண்புக்கொன்றாக 12 பதக்கங்கள். அச்சின் நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இவற்றை ராக்வெல்லின் கலைப்படைப்புகள் என்று சொல்லி, வெள்ளியின் விலைக்கு மேல் பல மடங்கு கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ராக்வெல் 1916 முதல் 1963 வரை 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழுக்கு 300க்கும் மேற்பட்ட அட்டைப்படங்கள் வரைந்தவர். ஒரு சிறுவனின் காதுமடல் சிவப்பிலும், தேய்ந்த காலணியிலும், அறையின் மூலையில் கிடக்கும் ஏதோ ஒரு பொருளிலும் கதை சொல்லும் கை அவருடையது. அந்த வண்ணங்களையெல்லாம் களைந்துவிட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டத்தில் ஒரே நிற உலோகமாகச் சுருக்கும்போது எஞ்சுவது அவருடைய காட்சியின் வெளிக்கோடு மட்டுமே. பதக்கம் உருவாகும் முறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓவியர் வரைந்து கொடுப்பதை ஒரு சிற்பி பல மடங்கு பெரிய அளவில் களிமண்ணிலும் பிளாஸ்டரிலும் புடைப்புச் சிற்பமாக வடிக்கிறார். அதை எந்திரம் அச்சின் அளவுக்குக் குறுக்கிச் செதுக்குகிறது. மூக்கு எவ்வளவு எழும்ப வேண்டும், ஆடையின் மடிப்பு எவ்வளவு ஆழம் போக வேண்டும், ஒளி எங்கே விழுந்து எங்கே தங்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அந்தச் சிற்பிதான். விற்பனை விளம்பரத்தில் பெரும்பாலும் அவர் பெயரைக் காண முடிவதில்லை.

ஓவியரால் நல்ல பதக்கம் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவான் 1438இல் இத்தாலியின் பெராரா நகருக்கு வந்ததையொட்டி அவருடைய உருவத்தைப் பதக்கமாக வார்த்த பிசானெல்லோவும் ஓவியர்தான். தம் பதக்கங்களில் 'ஓவியன் பிசானோவின் படைப்பு' என்று இலத்தீனில் பெருமையுடன் பொறித்துக்கொண்டவர். ஆனால் அவர் புடைப்பிலேயே சிந்தித்தார். பேரரசரின் நீண்ட முனையுள்ள தொப்பியும் பக்கவாட்டு முகமும் உலோகத்துக்கென்றே பிறந்தவை. பிராங்க்ளின் மின்ட்டிலும் அப்படிப்பட்ட கைகள் இருந்தன. கென்னடி அரை டாலரின் முகப்பை வடித்த கில்ராய் ராபர்ட்ஸ் 1964இல் அமெரிக்க அரசு நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் பதவியை விட்டு வந்து சேர்ந்தது இங்கேதான். அவர் வடித்த பதக்கத்துக்கு நான் தயங்காமல் கூடுதல் விலை கொடுப்பேன்.

'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்ற சொற்றொடரையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். இந்நிறுவனத்தின் பல வரிசைகளில், குறிப்பிட்ட தேதிக்குள் பணம் கட்டிய அனைவருக்கும் பதக்கம் அச்சிட்டுவிட்டு அந்த எண்ணிக்கையையே வரம்பு என்று அறிவித்தார்கள். விரும்பிய ஒவ்வொருவருக்கும் கிடைத்துவிட்ட பொருளைப் பிறகு யாரிடம் லாபத்துக்கு விற்பது? 1978இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி இந்த மறுவிற்பனை ஏமாற்றத்தைத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை ஒட்டி உயர்ந்தபோது ஏராளமான பதக்கங்கள் உலைக்குப் போயின. விளம்பரம் வாக்களித்த அரிய தன்மையைக் கடைசியில் ஓரளவு உண்டாக்கியது உருக்குபவரின் உலைதான் என்பது வேடிக்கை. ஆனாலும் எந்த வரிசையில் எத்தனை உருகின என்று கணக்கு வைத்தவர் இல்லை என்பதால், அதைக் காட்டியும் விலையேற்ற முடியாது.

ராக்வெல் வரிசையை யாராவது உங்களிடம் நீட்டினால், ஸ்டெர்லிங் (92.5 சதவீத வெள்ளி) முத்திரையைப் பார்த்து, எடைபோட்டு, அந்த எடையில் 92.5 சதவீதத்துக்கு வெள்ளி விலையைக் கணக்கிட்டு, பெட்டியும் சான்றிதழும் இருந்தால் அதற்குமேல் சிறிது சேர்த்துக் கொடுங்கள். ராக்வெல்லின் ஓவியம்தான் வேண்டுமென்றால், அந்தப் பணத்தில் நல்ல அச்சில் வந்த அவருடைய ஓவியத் தொகுப்பு ஒன்றை வாங்கலாம். அதில் அந்தக் காதுமடலின் சிவப்பாவது மிஞ்சியிருக்கும்.