சீட் பின் முழுசா விழுந்துச்சா?

செட்டிநாட்டு ஓடுதளத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது, மறுபடி விமானம் இறங்கணும், பயிற்சிப் பள்ளி வரணும் என்றுதான் பேசுகிறோம். வரட்டும். ஆனால் பயிற்சி விமானத்தில் உயிரை எடுக்கக்கூடிய ஒரு சின்னச் சாமானைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. விமானி உட்காரும் சீட்டை நகரவிடாமல் பிடிக்கும் ‘பின்’ என்ற உலோக முளை.

செஸ்னா 152, 172 மாதிரி விமானங்களில் சீட், தரையில் பதித்த தண்டவாளத்தில் உருளைகள்மேல் ஓடும். தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள். ஸ்பிரிங் தள்ள, பின் துளைக்குள் இறங்கும். நம்ம வீட்டு நிலைக்கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். குழியில் நுனி மட்டும் இறங்கியிருந்தாலும் கதவு பூட்டினாற்போலத்தான் தெரியும், காற்று ஒரு தள்ளு தள்ளும்வரை.

விமானத்தில் அந்தத் தள்ளு டேக்-ஆஃபில் வரும். த்ராட்டிலை முழுசாகத் தள்ளி இஞ்சினுக்கு முழு விசை கொடுத்தாச்சு, 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) வேகத்தில் மூக்கு எழும்புகிறது, சீட் சறுக்கிப் பின்னால் ஓடுகிறது. விழப்போகிறவர் கையில் இருப்பதைத்தான் பிடிப்பார். மாணவர் கையில் இருப்பது கண்ட்ரோல் வீல். அதையும் சேர்த்து இழுக்க, மூக்கு இன்னும் ஏறும், வேகம் விழும். 172எஸ்-இல் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இறக்காதபோது 48 நாட் வாக்கில் ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவதை விட்டுவிடும். மூக்கை இடம் வலம் திருப்பும் ரட்டர் பெடலுக்குக் கால் எட்டாது. 200 அடியில் இப்படி ஆனால் மீள உயரம் ஏது?

இது புதுசாகக் கண்டுபிடித்த கோளாறும் இல்லை. அமெரிக்க விமானத் துறை 1987-லேயே கட்டாயச் சோதனை உத்தரவு போட்டு, 2011-இல் அதைப் புதுப்பித்தது. 100 மணி நேரப் பறத்தல் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அப்போது துளைகளை அளக்கணும். 0.36 அங்குலம் தாண்டினால் தொடர்ந்து கண்காணிப்பு, 0.42 தாண்டினால் தண்டவாளத்தை மாற்றாமல் பறக்கக் கூடாது. பின் குறைந்தது 0.15 அங்குலம் உள்ளே இறங்கணும். விரிசல், தேய்ந்த உருளைத் தாங்கி, தளர்ந்த ஸ்பிரிங் எல்லாம் இந்தச் சோதனையில் வரும்.

பயிற்சி விமானத்துக்கு மட்டும் இன்னும் கடுமை வேணும் என்பேன். சொந்த விமானத்தில் ஒரே ஆள், ஒரே துளை. பயிற்சியில் நாளுக்கு நாலைந்து பேர், நெட்டை குட்டையாக, சீட்டை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். துளை நீள்வட்டமாகத் தேயும். நம்ம பக்கத்துச் செம்மண் தூசி ஷூவோடு ஏறித் துளைக்குள் கெட்டித்துப்போனால், பின் அடிவரை இறங்காது. வாரம் ஒருமுறை வேக்குவம் போட்டுக் குச்சியால் கிளறி எடுக்க எத்தனை நேரம் ஆகும்? பின் நழுவினாலும் சீட்டைப் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது தடுப்புப் பட்டையையும் தயாரிப்பாளரே தருகிறார். அது இல்லாத விமானத்தில் மாணவரை ஏற்றுவது தப்பு.

மாணவர்களுக்கு: சீட்டைச் சரிசெய்ததும் நெம்புகோலை விட்டுவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பாருங்கள். குனிந்து, பின் இறங்கியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். ஓடுதளத்தில் நின்று த்ராட்டில் தள்ளுமுன் இன்னொரு ஆட்டு. அப்படியும் நழுவினால் வீலை விட்டுவிடுங்கள், ஆசிரியர் பிடித்துக்கொள்வார். ஆசிரியர்களே, இதை இஞ்சின் போடுமுன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "சீட் ஓடினா வீலை விடு."