பழைய கடைவீட்டுச் சுவருக்குச் சிமெண்டு நல்லதா?

"சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்தால் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்டு வையுங்கள், சுவர் நூறு வருஷம் நிற்கும்." பினாங்கில் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளுக்கு இது கெடுதலே செய்யும்.

அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது. தரை ஈரத்தை உறிஞ்சும். செங்கல்லுக்கு இடையே உள்ள சுண்ணாம்புச் சாந்து வழியாக அந்த ஈரம் வெளியேறிவிடும். சிமெண்டு வைத்தால் அந்த வழி அடைபடும். ஈரம் செங்கல் வழியாகவே காயும், ஈரத்தோடு வரும் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதன் முகத்தைப் பிளக்கும். அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், நடக்கும்போது பாருங்கள்: சில சுவர்களில் சிமெண்டுக் கோடு மட்டும் துருத்தி நிற்கும், செங்கல் உள்வாங்கி, தொட்டால் சிவப்புப் பொடியாகக் கொட்டும். பார்க்கவே மனம் பதறுகிறது. சாந்து உதிர்ந்தால் மாற்றலாம், செங்கல் போனால் என்ன செய்வது?

சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். பழைய சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் என்பது வழக்கமான அளவு. கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. அப்புறம் அவசரப்படக் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும். சில நாள் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள்.

புதிய சுவர் வேறு கதை. இன்றைய கடினமான செங்கல்லுக்குச் சிமெண்டு ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவை சரி.