2012இல் கல்லூரிகளின் சமத்துவக் கடமை ரத்தாகவில்லை

"பிரிட்டனில் 2012லேயே சமத்துவத் தாக்க மதிப்பீட்டை (ஒரு முடிவு எந்தப் பிரிவினரை எப்படிப் பாதிக்கும் என்று பார்ப்பது) எடுத்துவிட்டார்கள், கல்லூரிகளுக்கு இனி எந்தக் கட்டாயமும் இல்லை" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். தவறு. அந்த வருடம் அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூன் நிறுத்தச் சொன்னது அரசுத் துறைகள் எழுதிக் குவித்த மதிப்பீட்டு அறிக்கைகளை. 2010 சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு (பொது அமைப்புகள் முடிவெடுக்கும்போது சமத்துவத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற கடமை) அப்படியேதான் இருக்கிறது, கல்லூரிகளுக்கும் சேர்த்து. இங்கிலாந்தில் மதிப்பீட்டுப் படிவம் கட்டாயமில்லை என்பது உண்மை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் மதிப்பீடே விதிப்படி கட்டாயம்.

வகுப்பை மாலைக்குத் தள்ளினால் கைக்குழந்தை உள்ள மாணவி என்ன செய்வார்? விண்ணப்பத்தை ஆன்லைனில் மட்டும் வைத்தால் பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) அதைப் படிக்குமா? இதையெல்லாம் முடிவெடுக்கும் முன்பே யோசிக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒப்புக்கு எழுதி ஃபைலில் செருகினால் (அதுதான் பல இடங்களில் நடக்கிறது!) கோர்ட்டில் எடுபடாது.