மல்லிகை ஊத்தினா ஒட்டுப்பால் மணக்குமாம்!

முடியல. இன்னைக்கு எங்க ரப்பர் ஃபேக்டரி மேலாளர் சொன்னதைக் கேட்டதுல இருந்து கை நடுங்குது.

போன வாரம் ரப்பரைக் காய வைக்கிற டிரையரோட புகைபோக்கி நாற்றம் தாங்கலன்னு மறுபடியும் புகார். மேலாளரே நேர்ல இறங்கிட்டார். மழை வேற. என் குடையை வாங்கிட்டுப் போய் ஒட்டுப்பால் (மரத்துல கட்டின சிரட்டையிலேயே உறைஞ்ச ரப்பர் பால்) குவியல் பக்கத்துல நின்னார். நின்னார். நின்னுக்கிட்டே இருந்தார். மூக்கை மேல தூக்கி ஒரு தரம், குனிஞ்சு ஒரு தரம், கண்ணை மூடி ஒரு தரம். ஏதோ அத்தர் வாங்க வந்த நவாப் மாதிரி! கால் மணி நேரம் கழிச்சுத் தீர்ப்பு: "இங்க ஒண்ணும் நாறலையே?"

நாறாது சார். வருஷக்கணக்கா இங்கேயே கிடக்கிற மூக்கு. கொஞ்ச நேரம் நின்னாலே யாருக்கும் மூக்கு மரத்துரும். உங்களது மரத்து, மரமாகி, பால் வெட்டுற பதத்துக்கே வந்திருக்கும்.

வெளியாள் நாலு பேரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லுங்க. இல்ல, காத்தைப் பிடிச்சு, அதுல என்னென்ன கலந்திருக்குன்னு பிரிச்சுக் காட்டுற கேஸ் குரோமட்டோகிராஃபியில ஏத்துங்க. பியூட்டிரிக் ஆசிட் வரும், அது வாந்தி. ஐசோவலேரிக் வரும், அது நாலு நாள் கழட்டாத சாக்ஸ். பால்ல ரப்பர் மட்டுமா இருக்கு? புரதம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் இருக்கு. சிரட்டையில தானா உறைஞ்ச கட்டியில பாக்டீரியா பந்தி போட்டுத் தின்னுட்டு ஆசிடாக் கக்குது. நாம அதை வாரக்கணக்குல மழையில ஊறப்போட்டு, அப்புறம் 100 டிகிரிக்கு மேல சுட்டு ஊருக்கே பரிமாறுறோம்.

ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைக்கச் சொல்லுங்க, அழுகல் குறையும்னா "விலை ஜாஸ்தி". சல்ஃப்யூரிக் மலிவாம். அதுல வர்ற சல்ஃபேட் கழிவுக் குட்டையில ஹைட்ரஜன் சல்ஃபைடாகி அழுகின முட்டையா எழும்புறது மட்டும் இலவசம். குவியலுக்குக் கூரை? பார்க்கலாம். புகையைத் தண்ணி விட்டுக் கழுவுற ஸ்க்ரப்பர்ல தண்ணியை எப்போ மாத்தினீங்கன்னு கேட்டா ஆளுக்கொரு திசையில முகட்டைப் பார்க்கிறாங்க. ஆசிட் குடிச்சுக் குடிச்சு வயிறு முட்டின தண்ணி இனி எதைய்யா பிடிக்கும்?

ஆனா மல்லிகை வாசனைத் திரவம் வாங்க மட்டும் காசு இருந்துச்சு. ஒரு பீப்பாய்! அதே பழைய தண்ணியில கலந்தாச்சு. வாந்தி எங்கயும் போகல, இப்போ மல்லிகைப் பந்தலுக்கு அடியில உக்காந்திருக்கு. சட்டையை மூணு தடவை துவைச்சேன். மல்லிகை போயிருச்சு.

இன்னைக்கு அவர் வந்தார். அதே இடம், அதே மூக்கு. முகமெல்லாம் பூரிப்பு. "பார்த்தியா, என்னமா மணக்குது!"

யோசிச்சா நிஜம்தான். அந்த மூக்குக்குப் பழசு எதுவும் ஏறாது, புதுசா வந்த மல்லிகை மட்டும்தான் ஏறும். இந்தப் பூமியிலேயே வெறும் மல்லிகையை மோந்த ஒரே ஆள் அவர்தான்! கோபமா வந்தவன் சிரிச்சுத் தொலைச்சுட்டேன். பாராட்டுறேன்னு நினைச்சு முதுகுல தட்டிக் கொடுத்துட்டுப் போறார்.

யோவ், என் குடை எங்கய்யா?