பொடிச் சதுரத்தை விட்டுவிட்டீர்களே

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். கணினிக் குறுக்குவழிகள் பற்றிய உங்கள் கட்டுரையை, நகலெடுத்து ஒட்ட எல்லாருக்கும் தெரிந்த கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி-யோடு முடித்துவிட்டீர்கள்.

எக்செலில் ஒரு கட்டத்தைத் தொட்டால் வலது கீழ் மூலையில் பொடிச் சதுரம் ஒன்று தெரியும். மவுஸை அதன்மேல் வைத்தால் கறுப்புக் கூட்டல் குறி வரும். 11 வருடமாக அதைப் பிடித்து, குலை எடைக் கணக்கை 400 வரிக்குக் கீழே இழுத்துக்கொண்டிருந்தேன். கை நழுவினால் மறுபடி முதலிலிருந்து! போன மாதம் பயிற்சிக்கு வந்த பெண், “அங்கிள், அதுல டபுள் கிளிக் பண்ணுங்க” என்றாள். பண்ணினேன். பக்கத்துப் பத்தியில் எடை எதுவரை இருந்ததோ அதுவரை கணக்கு தானாக இறங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

எக்செல் கட்டத்தில் இன்றைய தேதியைப் போட கண்ட்ரோலோடு அரைப்புள்ளி (;). அப்புறம் விண்டோஸ் பட்டனும் வி-யும்: முதல் தடவை ‘ஆன்’ செய்துவிட்டால், கடைசியாக நகலெடுத்தவை 25 வரை பட்டியலாக நிற்கும். பொதுக் கணினியில் மட்டும் வேண்டாம், கடவுச்சொல்லும் அதில் மாட்டிக்கொள்ளலாம்.