ரைட் சகோதரர்களுக்கு ஒரு தங்கை இருந்தார்

ரைட் சகோதரர்கள் முதன்முதலில் விமானத்தில் பறந்த டிசம்பர் 17 வந்தால் போதும், வாட்ஸப்பில் அந்தப் பதிவு சுற்ற ஆரம்பித்துவிடும். கல்லூரி வாசலையே மிதிக்காத இரண்டு சைக்கிள் கடைக்காரர்கள் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள், உன்னால் முடியாதா என்கிற ரகம். வில்பரும் ஆர்விலும் கல்லூரிக்குப் போகாதது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு, படிப்பு வாசனையே இல்லாத வீட்டிலிருந்து வந்தவர்கள் மாதிரி சொல்வதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஒஹாயோ மாநிலம், டேட்டன் நகரம், ஹாத்தார்ன் தெரு, 7-ம் எண் வீடு. அப்பா மில்ட்டன் ரைட் ஒரு திருச்சபையின் பிஷப். பெரிய வீடில்லை, ஆனால் இரண்டு நூலகங்கள். மாடியில் இறையியல், கீழே மற்றதெல்லாம். அந்த மற்றதில் ராபர்ட் இங்கர்சாலும் இருந்தார். ஆமாம், நம் சுயமரியாதை இயக்கத்தார் மொழிபெயர்த்துப் போட்ட அதே இங்கர்சால். ஒரு பிஷப் வீட்டு அலமாரியில் நாத்திகப் பேச்சாளர்! சுவாரசியமாக ஏதாவது படித்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் பள்ளிக்கு அரைநாள் மட்டம் போட்டாலும் மனுஷர் கண்டுகொள்ள மாட்டாராம்.

கைத்தொழில் வந்தது அம்மா வழியில். சூசன், வண்டிப் பட்டறை வைத்திருந்த ஜெர்மானியர் ஒருவரின் மகள். அப்பாவின் பட்டறையில் புழங்கி வளர்ந்தவர், அந்தக் காலத்திலேயே கல்லூரியும் போனவர். வீட்டில் எது உடைந்தாலும் அவர்தான் சரிசெய்வார், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்களும் அவரே செய்து கொடுப்பார். பிஷப்புக்கு ஆணி அடிக்கக்கூட வராது என்பார்கள்.

சூசனுக்குக் காசநோய். மூத்த பிள்ளைகள் இருவரும் வீட்டை விட்டுப் போயாகிவிட்டது. ஹாக்கி மட்டையால் முகத்தில் அடிபட்டு, யேல் பல்கலைக்கழகக் கனவைக் கைவிட்டு வீட்டோடு கிடந்த வில்பர்தான் அம்மாவைப் பார்த்துக்கொண்டார். காலையில் மாடியிலிருந்து கீழே தூக்கி வருவது, இரவு திரும்பத் தூக்கிப் போவது. 1889-ல் அம்மா இறந்தபோது கடைக்குட்டி கேத்தரினுக்கு 14 வயது. வீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

இந்தக் கேத்தரினைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அந்த வீட்டில் கல்லூரிப் பட்டம் வாங்கிய ஒரே பிள்ளை அவர்தான். 1898-ல் ஓபர்லின் கல்லூரியில் முடித்து, டேட்டனிலேயே ஓர் உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் ஆசிரியை ஆனார். அண்ணன்களுக்குப் பணம் கொடுத்தார், இறக்கைத் துணியைத் தைத்தார் என்றெல்லாம் இணையத்தில் எழுதுகிறார்கள். அது கதை. பணம் சைக்கிள் கடையில் வந்தது. தைத்ததும் அண்ணன்கள்தான். 1902 ஆகஸ்டில் கேத்தரின் அப்பாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது: வில் மணிக்கணக்கில் தையல் மெஷினைச் சுற்றிக்கொண்டிருக்கிறான், ஆர்வ் தரையில் குந்தித் தைக்க வேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டிருக்கிறான், வீட்டில் கால் வைக்க இடமில்லை, ஆனால் அடுத்த வாரம் இவர்கள் கிளம்பிப் போனதும் இந்தச் சத்தத்துக்கு ஏங்கப்போகிறேன். எவ்வளவு நல்ல கடிதம்! இல்லாத சாதனையை ஏற்றித்தான் இவரைப் பெரியவராக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறார்களோ.

அவர் உண்மையில் செய்தது வேறு. 1908 செப்டம்பர் 17, ஃபோர்ட் மயர் என்ற ராணுவ முகாமில், ராணுவத்துக்காகப் பறந்து காட்டும்போது ஆர்விலின் விமானம் விழுந்தது. உடன் பறந்த லெப்டினன்ட் செல்ஃப்ரிட்ஜ் இறந்துபோனார். விமான விபத்தில் இறந்த முதல் பயணி அவர்தான். ஆர்விலுக்குத் தொடையும் விலா எலும்புகளும் முறிந்தன. கேத்தரின் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு ரயில் ஏறியவர், வாரக்கணக்கில் அந்த மருத்துவமனைப் படுக்கையை விட்டு நகரவில்லை. ஆசிரியர் வேலைக்கு அப்புறம் திரும்பவே இல்லை. அண்ணன்களோடு ஐரோப்பா போனார், கூச்ச சுபாவமுள்ள அவர்களுக்காக மன்னர்களிடமும் பத்திரிகைக்காரர்களிடமும் பேசினார், 1909-ல் பிரான்ஸின் போ நகரில் தானும் பறந்தார். அந்தக் குடும்பமே அப்படித்தான், ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு. 1910-ல் 81 வயது பிஷப்பை ஆர்வில் ஏற்றிப் பறந்தபோது, இன்னும் மேலே போ, இன்னும் மேலே என்றாராம் கிழவர்.

1912-ல் டைஃபாய்டில் வில்பர் போனார். 1917-ல் அப்பா. பெரிய மாளிகையில் ஆர்விலும் கேத்தரினும் மட்டும்.

அந்த ஒட்டுதலின் இன்னொரு முகத்தை இதற்குப் பிறகுதான் பார்க்கிறோம். ஓபர்லினில் உடன் படித்த, மனைவியை இழந்த ஹென்றி ஹேஸ்கல் என்ற பத்திரிகையாளர் கேத்தரினைத் திருமணம் செய்ய விரும்பினார். இவருக்கும் சம்மதம். ஆனால் அண்ணனிடம் சொல்லப் பயந்து மாதக்கணக்கில் மறைத்திருக்கிறார். 1926 நவம்பரில் திருமணம் நடந்தபோது மணப்பெண்ணுக்கு 52 வயது. ஆர்வில் வரவில்லை. பேச்சையும் அடியோடு நிறுத்திவிட்டார். 1929-ல் கேத்தரின் நிமோனியாவில் கிடந்தபோதும், இன்னொரு அண்ணன் லோரின் வற்புறுத்திய பிறகுதான் ஆர்வில், தங்கை குடியிருந்த கன்சாஸ் சிட்டிக்கு ரயில் ஏறினார். மார்ச் 3 அன்று கேத்தரின் இறந்தார்.

ஆர்வில் தனிமைக்குப் பழகாதவர், தங்கையை நம்பியே வாழ்ந்தவர், அந்த அதிர்ச்சிதான் என்று அவருக்காக வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். நம்பியே வாழ்ந்தார் என்பதுதானே என் புகாரும்? தன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார வேலையை விட்டு வந்தவருக்கு, ஒரு கல்யாணத்துக்கு வந்து நிற்கும் மரியாதையைக்கூட அவர் கொடுக்கவில்லை. விமானத்துக்காக ஆர்விலைக் கும்பிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்த விஷயத்தில் மட்டும் நான் ஹேஸ்கல் வீட்டுப் பக்கம்.